பழைய ஜிப்ஸியும் பாவப்பட்ட நானும்!

"மாப்ளே, இந்த வண்டிக்குக் கூரை எங்கே?"

வாசலில் நிறுத்தியிருந்த ஜிப்ஸியை மூன்று முறை சுற்றி வந்துவிட்டு என் மாமனார் கேட்ட முதல் கேள்வி இது.

"தார்ப்பாய்தான் மாமா கூரை" என்றேன் பெருமையாக.

"அதான் கிழிஞ்சிருக்கே?"

"தைச்சுக்கலாம் மாமா."

அவர் வேறு ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் மகளிடம், "சம்பளம் ஒழுங்கா வருதில்ல?" என்று மட்டும் விசாரித்தாராம்.

இது நடந்தது 2017-இல். ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் பல வருஷம் உழைத்து ஓய்ந்த 1998 மாடல் ஜிப்ஸி கிங். விலை ஒரு லட்சத்து எழுபதாயிரம். சேலத்தில் ஒரு அலுவலகத்தில் காலை பத்து முதல் மாலை ஆறு வரை ஃபைல் புரட்டும் எனக்கு, காட்டிலும் மேட்டிலும் ஏறும் வண்டி எதற்கு? நியாயமான கேள்வி. இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. சில பேருக்கு ராயல் என்ஃபீல்ட், சில பேருக்குப் புறா. எனக்கு ஜிப்ஸி!

கொஞ்சம் ஜாதகம்

ஜிப்ஸியின் பூர்வீகம் ஜப்பான். அங்கே ‘ஹோப்’ என்றொரு சின்ன கம்பெனி, குட்டியாக ஒரு நாலு சக்கர இழுவை வண்டியை 1960-களின் கடைசியில் தயாரித்தது. அதன் உரிமையை சுசுகி வாங்கி, தன் எஞ்சினைப் பொருத்தி 1970-இல் ‘ஜிம்னி’ என்று விற்றது. எஞ்சின் எவ்வளவு தெரியுமா? 359 சி.சி.! நம்ம ஊர் புல்லட்டைவிட ஒரு டம்ளர் கூடுதல், அவ்வளவுதான்.

அந்த வம்சத்தில் வந்த எஸ்.ஜே. 410 என்ற மாடலைத்தான் மாருதி 1985 டிசம்பரில் ‘ஜிப்ஸி’ என்று இங்கே இறக்கியது. 970 சி.சி. எஞ்சின், 45 குதிரை சக்தி. 1996-இல் 1300 சி.சி. எஞ்சினும் ஐந்து கியரும் வைத்து ‘ஜிப்ஸி கிங்’ வந்தது. ராணுவம், போலீஸ், வனத்துறை என்று எல்லா இடத்திலும் இதுதான் ஓடியது. புதிய பாதுகாப்பு விதிகள் வந்ததும், 2018 கடைசியோடு பொதுமக்களுக்கான புக்கிங்கை நிறுத்திவிட்டார்கள். அதன் தம்பி மாதிரி ஐந்து கதவு ஜிம்னி 2023-இல் வந்தது. அதன் விலையைக் கேட்டதும் நான் என் பழைய ஜிப்ஸியைத் தடவிக் கொடுத்தேன்.

உள்ளே பார்த்தால் ஒரு குட்டி லாரி! ஏணி மாதிரி சேஸிஸ். அதன்மேல் பாடி. முன்னாலும் பின்னாலும் லாரியில் இருப்பதுபோலவே பட்டை பட்டையாக லீஃப் ஸ்பிரிங். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. என் வண்டியில் கார்புரேட்டர். ஒரு ஸ்பானர் செட்டும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் பாதி வேலையை வீட்டு வாசலிலேயே செய்யலாம். ஸ்பானர் செட் அன்றே வாங்கிவிட்டேன். பொறுமைதான் ஸ்டாக் இல்லை.

முதல் அசடு

வாங்கின புதிதில் ஒருநாள் ஃபோர் வீல் டிரைவ் லீவரைத் தள்ளிவிட்டு, ஐந்து ரோட்டைக் கம்பீரமாக ஒரு சுற்று சுற்றினேன். திருப்பங்களில் வண்டி முரண்டு பிடித்தது. ஸ்டீரிங் கல்லாக இருந்தது. அடியில் ‘கடக்... கடக்...’ என்று சத்தம்.

நேரே மெக்கானிக்கிடம் போனேன். வயதானவர். எல்லோரும் ‘பாய்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஜிப்ஸி, மகேந்திரா ஜீப் தவிர வேறு எதையும் தொட மாட்டார்.

"சார், தார் ரோட்டுல ஃபோர் வீல் போட்டீங்களா?"

"ஆமா பாய். பவர் ஜாஸ்தி கிடைக்கும்னு..."

பாய் தன் உதவிப் பையனைப் பார்த்தார். பையன் சிரிப்பை அடக்க ரேடியேட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

விஷயம் இதுதான். வளைவில் திரும்பும்போது பின் சக்கரத்தைவிட முன் சக்கரம் அதிக தூரம் ஓடவேண்டும். ஃபோர் வீல் போட்டால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டப்பட்டுவிடும். மண்ணிலும் சேற்றிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். தார் ரோட்டில் டயர் வழுக்காது. அந்த முறுக்கு முழுக்க ஜாயின்ட்டிலும் பல் சக்கரத்திலும் போய் உட்காரும்.

"மண்ணுல போடுங்க, மணல்ல போடுங்க, சேத்துல போடுங்க. தார்ல போட்டா எனக்குத்தான் லாபம்" என்றார் பாய்.

ஸ்டீரிங் ஆடிய பரதம்

அடுத்த பிரச்னை அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வந்தது. ரோட்டில் ஒரு சின்னப் பள்ளம். அதில் இறங்கி ஏறியதும் ஸ்டீரிங் தானாகவே இடமும் வலமும் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. இரண்டு கையாலும் பிடித்தும் நிற்கவில்லை. வேகம் குறைந்த பிறகுதான் அடங்கியது.

சில பேர் வீல் பாலன்ஸ் என்றார்கள். சில பேர் டயர் என்றார்கள். அலுவலகத்தில் ஒருவர் திருஷ்டி என்றார். எலுமிச்சம்பழம் வைத்தும் பார்த்துவிட்டேன். பழம்தான் வீண்.

பாய் முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினார். கடிகாரத்தில் 12 மணி, 6 மணி இருக்கும் இடத்தில் இரண்டு கையையும் வைத்து சக்கரத்தை உள்ளும் வெளியும் ஆட்டினார். ‘லொடக்.’

"சார், உள்ளே ஏறி பிரேக்கை மிதிங்க."

மிதித்தேன். மறுபடி ஆட்டினார். அதே ‘லொடக்.’

"வீல் பேரிங் நல்லாருக்கு. கிங் பின் பேரிங்தான் போச்சு" என்றார்.

எப்படித் தெரிந்தது? பிரேக் பிடித்தால் டிஸ்க்கும் காலிபரும் ஒன்றாக இறுகிவிடும். வீல் பேரிங்கில் லூஸ் இருந்தால் அப்போது ஆட்டம் மறைந்துவிடும். பிரேக் பிடித்தும் ஆடினால், கோளாறு அதற்கும் உள்ளே, சக்கரம் திரும்புகிற கிங் பின் பேரிங்கில். இதே சக்கரத்தை 9 மணி, 3 மணி இடத்தில் பிடித்து ஆட்டி லூஸ் தெரிந்தால் டை ராட் எண்டைப் பார்க்கவேண்டும். ஒரு ஜாக்கி, இரண்டு ஆள், ஐந்து நிமிஷம். இந்த வைத்தியத்தை யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

பேரிங்கைப் பிரித்தபோது உள்ளே கிரீஸுக்குப் பதில் காவி நிறத்தில் சேறு. எஸ்டேட் காலத்தில் ஓடைத் தண்ணீரில் இறங்கிய வண்டி. அச்சின் முனையில் உருண்டையாக இருக்கும் பாகத்தைச் சுற்றி ஒரு ரப்பர் சீலும் ஃபெல்ட் வளையமும் இருக்கும். அது தேய்ந்தால் கிரீஸ் வெளியே வரும், தண்ணீர் உள்ளே போகும். நான்கு பேரிங், புது சீல், சரியான கனத்தில் ஷிம் தகடு. இரண்டு நாள் வேலை. பரதம் நின்றது.

புதுப்பேட்டை யாத்திரை

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு சென்னை புதுப்பேட்டை ஒரு திவ்ய க்ஷேத்திரம். எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கோவை உக்கடமும் உண்டு. கழற்றிப் போட்ட வண்டிகளின் கை, கால், காது, மூக்கு எல்லாம் தனித்தனியாகத் தொங்கும்.

அங்கே நான் கற்ற பாடம் ஒன்று. பழையதில் எதை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்று ஒரு கோடு உண்டு. கதவு, கண்ணாடி ஃபிரேம், பம்பர், சீட், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஹவுசிங் இதெல்லாம் பழையது வாங்கலாம். பிரேக் சிலிண்டர், பிரேக் ஹோஸ், பேரிங், ஆயில் சீல், டைமிங் பெல்ட் இவையெல்லாம் எப்போதும் புதுசு. இதில் ஐநூறு ரூபாய் மிச்சம் பிடிப்பவன் என்னைப்போல ஒருநாள் மலையில் நிற்பான். அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

இன்னொரு சந்தோஷமான செய்தி. ஜிப்ஸி கிங்கில் இருப்பதும் எஸ்டீம் காரில் இருந்ததும் ஒரே ‘ஜி13பி’ குடும்பத்து 1300 சி.சி. எஞ்சின்தான். அதனால் எஞ்சின் சாமான் ஓரளவு சுலபமாகக் கிடைத்துவிடும். பாடி சாமான்தான் பாடாய்ப் படுத்தும்.

கொல்லிமலை

2018, ஜனவரி கடைசி. மனைவி, ஆறு வயது மகள், நான். கொல்லிமலை போய் அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, ஆகாய கங்கை அருவியை எட்டிப் பார்த்துவிட்டு, மூன்று மணிக்குக் கீழே கிளம்பினோம்.

கொல்லிமலைப் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு ஏறிவிட்டது. இறங்கும்போது நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுக்கிற வண்டி, பெட்ரோல் மிச்சமாகட்டுமே என்று நியூட்ரலில் விட்டேன். வளைவுக்கு வளைவு பிரேக்... பிரேக்... பிரேக்.

பாதி மலை இறங்கியிருப்போம். மாதிரிக்கு ஒரு வளைவு. பிரேக்கை மிதித்தேன். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போயிற்று. வண்டி கொஞ்சம்கூட வேகம் குறையவில்லை.

அந்த ஒரு விநாடியில் மனசில் என்னென்னவோ ஓடும் என்று கதைகளில் எழுதுவார்கள். எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. வாய் மட்டும் உலர்ந்துவிட்டது. பின்னால் மகள் அருவியில் பார்த்த குரங்கைப் பற்றி அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெடலை விடாமல் அடித்து அடித்து மிதித்தேன். கொஞ்சம் கிடைத்தது. கிளட்ச்சை மிதித்து மூன்றாவது கியரில் திணித்தேன். ‘கர்ர்ர்.’ விழுந்தது. எஞ்சின் அலறிக்கொண்டு வண்டியைப் பிடித்தது. அப்புறம் இரண்டாவது. ஹாண்ட் பிரேக்கை மெல்ல இழுத்தேன். பள்ளத்தாக்குப் பக்கம் போகாமல், மலைப் பக்கம் இருந்த சாக்கடையில் இடது சக்கரத்தை இறக்கினேன். பம்பர் பாறையில் உரசி வண்டி நின்றது.

"அப்பா, ஏன் பாறைகிட்ட நிறுத்தினீங்க?" என்றாள் மகள்.

என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. முன் சக்கரத்திலிருந்து கருகிய வாசனை வந்துகொண்டிருந்தது. மகளை இறக்கி, சாலை ஓரமாகக் கொஞ்ச தூரம் நடத்திக்கொண்டு போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் என் பக்கம் திரும்பவில்லை.

பிரேக் ஆறியதும் பெடல் பழையபடி திரும்பி வந்தது. மீதி வளைவுகளை முதல் கியரில், நடக்கிற வேகத்தில், காரவள்ளி அடிவாரம் வரை இறங்கினேன். வழியெல்லாம் பேச்சே இல்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்.

"இனிமே இந்த வண்டில பாப்பா ஏறமாட்டா."

சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

குற்றவாளி யார்?

மறுநாள் பாய் பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து பார்த்தார். உள்ளே கடுங்காப்பி நிறம்.

"எப்ப சார் ஆயில் மாத்தினீங்க?"

"மாத்தணுமா பாய்? குறைஞ்சா ஊத்தணும்னுதானே..."

இந்த முறை பையன் சிரிக்கவில்லை.

பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. ‘டாட் 3’ ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கவேண்டும் என்பது விதி. ஈரம் சேர்ந்த பிறகு அதே ஆயில் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். ‘டாட் 4’ என்றால் 230, ஈரம் சேர்ந்தால் 155. மலையில் விடாமல் பிரேக் பிடித்தால் சூடு சர்வசாதாரணமாக அதைத் தாண்டும். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் நீராவிக் குமிழ். திரவத்தை அமுக்கினால் அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போகும். ஆவியை அமுக்கினால் அதுதான் சுருங்கும், சக்கரத்துக்கு ஒன்றும் போகாது. அதனால்தான் பெடல் பஞ்சு.

போதாக்குறைக்குப் பின் சக்கரத்தில் வீல் சிலிண்டர் கசிந்து, டிரம்முக்குள் லைனிங் நனைந்து கிடந்தது. அந்த சிலிண்டரைப் போன மாதமே மாற்றச் சொல்லியிருந்தார் பாய். ‘அடுத்த சம்பளத்தில் பார்க்கலாம்’ என்று தள்ளிப் போட்டவன் சாட்சாத் அடியேன்தான்.

வண்டிமேல் குற்றமில்லை. மலைமேல் குற்றமில்லை. நியூட்ரலில் விட்டவனும், ஆயில் மாற்றாதவனும், சிலிண்டரைத் தள்ளிப் போட்டவனும் ஒரே ஆள்.

ஞாயிற்றுக்கிழமை விரதம்

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். அலுவலகத்தில் ஃபைல் பார்க்கிறவனுக்கு ரிஜிஸ்டர் எழுதவா தெரியாது? தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, செலவு. பழைய வண்டி வைத்திருக்கும், வாங்கப்போகும் தம்பிமார்களுக்காக அதிலிருந்து கொஞ்சம்:

பிரேக் ஆயில் நிறம் எப்படி இருந்தாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்று. மலையில் எந்த கியரில் ஏறுகிறாயோ, ஏறத்தாழ அதே கியரில் இறங்கு. நியூட்ரல் கூடவே கூடாது.

தண்ணீரில் இறங்கி வந்தால் முன், பின் டிஃபரன்ஷியல் ஆயிலைச் சோதி. பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது, உடனே மாற்று. மேலே இருக்கும் மூச்சுக் குழாய் அடைத்திருக்கிறதா என்றும் பார்.

புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ்களுக்கு கிரீஸ் அடி. கியர் போட்டதும் ‘டக்’ என்று அடியில் கேட்டால் முதல் சந்தேகம் அங்கேதான்.

ஃபோர் வீல் டிரைவை மாதம் ஒருமுறை மண் தரையில் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டு. சும்மா கிடந்தால் உள்ளே ஆயில் சுற்றாது, லீவரும் இறுகிவிடும்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று விற்றவருக்குத் தெரியவில்லையா? முதல் வேலையாக மாற்று. அறுந்தால், எங்கே அறுந்ததோ அங்கேயே வண்டி நிற்கும். பெரும்பாலும் மழையில்!

வாங்கப் போகும்போது பளபள பெயின்டைப் பார்த்து மயங்காதே. தரை மேட்டைத் தூக்கிப் பார். கண்ணாடி ஃபிரேமின் அடிப்பகுதியையும் வீல் ஆர்ச்சையும் விரலால் அழுத்திப் பார். கையில் ஒரு காந்தம் இருந்தால் உத்தமம். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான். எஞ்சின் போனால் மாற்றலாம். சேஸிஸ் துருப்பிடித்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு.

ஆர்.சி. தேதியைப் பார். சொந்த வண்டிக்குப் பதினைந்து வருஷம். அப்புறம் ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்கவேண்டும், அதற்கு ஃபிட்னஸ் சோதனை உண்டு. என் வண்டி 2018-லும் 2023-லும் பாஸ்! என் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக்கூட நான் அவ்வளவு பயந்ததில்லை.

மன்னிப்பு

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிரேக் பைப்பில் காற்று எடுக்கவேண்டும். இதற்குக் கட்டாயம் இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தின் அடியில் நிப்பிளைத் திறந்து மூடவேண்டும். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்ப தூரத்தில் இருக்கும் பின் சக்கரத்தில் ஆரம்பித்து, கிட்டே இருப்பதில் முடிக்கவேண்டும். உதவிக்கு வருவதாகச் சொன்ன நண்பன் வரவில்லை.

வண்டிக்கு அடியில் படுத்து யோசித்துக்கொண்டிருந்தேன். கதவு திறக்கும் சத்தம். கொலுசுச் சத்தம். சீட் கிறீச்சிட்டது.

"என்னங்க... எதை மிதிக்கணும்?"

"நடுவுல இருக்கறது. மூணு தடவை அமுக்கிட்டு அப்படியே பிடிச்சுக்கோ."

"பிடிச்சிட்டேன்."

நிப்பிளைத் திறந்தேன். குமிழ் குமிழாக ஆயில் ட்யூபில் இறங்கியது. மூடினேன். "விடு... மறுபடி." இப்படியே நான்கு சக்கரமும். கடைசியில் ட்யூபில் ஒரு குமிழ்கூட இல்லை.

"இப்ப மிதிச்சுப் பாரு. எப்படி இருக்கு?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை மிதித்துப் பார்த்தாள்.

"கல்லு மாதிரி இருக்கு."

அந்த மூன்று வார்த்தைக்கு ஈடான சர்ட்டிஃபிகேட் எந்த ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் கிடைக்காது. அடுத்த மாதம் மூன்று பேரும் ஏற்காடு போனோம். இருபது கொண்டை ஊசி வளைவு. இரண்டாவது கியரில் இறங்கினேன். பின்னால் ஹார்ன் அடித்த அத்தனை பேருக்கும் வழிவிட்டேன். பாதி வழியில் மகள் தூங்கிவிட்டாள். மனைவியும்.

போன பொங்கலுக்கு மாமனார் வந்திருந்தார். வாசலில் நின்ற வண்டியை மறுபடி சுற்றி வந்தார். புது தார்ப்பாயைத் தடவிப் பார்த்தார்.

"மாப்ளே, இதை வித்துட்டு ஒரு நல்ல கார் வாங்கலாமே?"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அப்பா, அந்த வண்டிக்குப் பிரேக் போட்டது நானு. விக்கற பேச்செல்லாம் வேணாம்!"